லாடமில்லாத குளம்பும் குதிரையின் உடம்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாடம் இல்லாமல் குதிரையை வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களைத் தொகுத்திருக்கிறோம். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறோம். குளம்புப் பராமரிப்பையும் தசைப் பராமரிப்பையும் ஒரே பக்கத்தில் வைத்ததற்குக் காரணம் உண்டு. குளம்பு வலித்தால் குதிரை நடையை மாற்றுகிறது, நடை மாறினால் தோளும் முதுகும் இறுகுகின்றன, இறுகிய உடம்பு குளம்பைக் கோணலாகத் தேய்க்கிறது. ஒன்றை மட்டும் சரிசெய்தால் மற்றது அதைப் பழைய இடத்துக்கே இழுத்துவிடும்.

லாடத்தைக் கழட்டிட்டா போதும், அதுதானே வெறுங்குளம்பு?

போதாது. லாடம் அடிக்கும்போது குளம்பை ஒரு விதமாகச் சீவுவார்கள், லாடம் இல்லாமல் நடக்கப்போகும் குளம்பை வேறு விதமாகச் சீவ வேண்டும். லாடத்துக்காகத் தட்டையாக அரம் போட்டு, வெளிச்சுவரின் ஓரத்தைக் கூராக விட்ட குளம்பை அப்படியே தரையில் விட்டால் ஓரம் பிளந்து சிம்பு சிம்பாக உடையும். அதைப் பார்த்துவிட்டு "இந்தக் குதிரைக்கு லாடம் இல்லாமல் ஆகாது" என்று முடிவுகட்டி விடுகிறார்கள். உடைந்தது குளம்பின் குறையால் அல்ல, ஓரத்தை உருட்டாமல் விட்டதால்.

சீவும் விதம், தீனி, நடக்கும் தரை, தினசரி நடை ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் வெறுங்குளம்புப் பராமரிப்பு. நான்கில் தீனியைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

குளம்புல எதை வெட்டலாம், எதைத் தொடக் கூடாதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

காலைத் தூக்கிப் பிடித்து, கம்பி பிரஷ்ஷால் அழுக்கைத் தேய்த்தெடுத்துவிட்டுப் பாருங்கள். வெளிவட்டமாக இருப்பது குளம்புச் சுவர். அதன் உள்ளோரத்தை ஒட்டிச் சுமார் 3 மில்லிமீட்டர் அகலத்தில் மஞ்சள் கலந்து ஓடுவது வெள்ளைக் கோடு. அதற்கு உள்ளே குழிந்திருப்பது உள்ளங்குளம்பு. பின்பக்கத்திலிருந்து நடுவுக்கு நீளும் ரப்பர் போன்ற முக்கோணத்தை ஃப்ராக் என்கிறோம். சுவர் குதிகாலில் திரும்பி, ஃப்ராக்கின் இரு பக்கமும் உள்நோக்கி மடங்கும் பகுதிக்கு பார் என்று பெயர்.

சுவரை வெட்டலாம். பார் உள்ளங்குளம்பின் மேல் சாய்ந்து படிந்திருந்தால் அதன் மட்டத்துக்குக் கொண்டுவரலாம். உள்ளங்குளம்பில், கத்தியை வைத்து இழுத்தாலே சுண்ணாம்புப் பொடி மாதிரி உதிரும் மேலடுக்கை மட்டும் எடுக்கலாம். அதன் கீழே மெழுகு மாதிரி வழவழப்பாக ஒரு பரப்பு தெரியும், அதைத் தொடக் கூடாது. ஃப்ராக்கில் தொங்கும் கிழிசலையும், அழுக்கு அடைத்துக்கொள்ளும் மடிப்பையும் தவிர வேறெதையும் எடுக்க வேண்டாம்.

உள்ளங்குளம்பைக் கொஞ்சம் ஆழமா செதுக்கினா குழி அழகா வருமே, ஏன் வேணாங்கிறீங்க?

குழி என்பது உள்ளே இருக்கும் குளம்பெலும்பின் அடிப்பக்க வளைவு. அது கத்தியால் வருவதில்லை. எலும்புக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் உள்ளங்குளம்பு குறைந்தது 15 மில்லிமீட்டர் கனமாவது இருந்தால்தான் குதிரை கல்லை மிதிக்கத் துணியும். 10 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சரளையில் ஒவ்வொரு அடியும் வலி. அழகுக்காகச் செதுக்கி எடுக்கும் 4 மில்லிமீட்டர், அந்தக் குதிரையிடம் இருந்த மொத்தப் பாதுகாப்பில் பெரும்பங்காக இருக்கலாம்.

சந்தேகம் வந்தால் இரண்டு கட்டைவிரலாலும் உள்ளங்குளம்பின் முன்பகுதியை அழுத்துங்கள். அமுங்கினால் அன்றைக்குக் கத்தியைக் கீழே வைத்துவிட வேண்டும். ஓரச் சுவரை உருட்டுவது மட்டும் போதும்.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை சீவணும்?

4 முதல் 6 வாரத்துக்கு ஒரு முறை. சுவர் மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வளர்கிறது. மயிர்க்கோட்டில், அதாவது ரோமம் முடிந்து குளம்பு தொடங்கும் இடத்தில், இன்று முளைப்பது நுனிக்கு வந்து சேர 9 முதல் 12 மாதம் ஆகும். குதிகால் உயரம் குறைவு என்பதால் அங்கே பாதிக் காலத்திலேயே புதுச்சுவர் தரையைத் தொட்டுவிடும்.

8, 10 வாரம் விட்டுவிட்டு ஒரே நாளில் நிறைய வெட்டுவதுதான் பெரிய தவறு. நுனி நீண்டதும் அது ஒரு நெம்புகோலாகிவிடுகிறது. ஒவ்வொரு அடியிலும் சுவரை எலும்பிலிருந்து பிரிக்கப் பார்க்கிறது, வெள்ளைக் கோடு அகலமாகிறது, இடைவெளியில் மண்ணும் கிருமியும் புகுகின்றன. அடிக்கடி, கொஞ்சமாக என்பதுதான் வழி. பலர் முழுச் சீவலை லாடக்காரரிடம் விட்டுவிட்டு, இடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓரத்தை மட்டும் தாங்களே அரம் போட்டுக்கொள்கிறார்கள். அது நல்ல ஏற்பாடு.

ஓரத்தை உருட்டுறதுன்னா என்ன? அளவு சொல்லுங்க.

முதலில் சுவரை உள்ளங்குளம்பின் மட்டத்துக்கு, அல்லது 1, 2 மில்லிமீட்டர் உயரமாக, குறடாலோ அரத்தாலோ கொண்டுவருங்கள். குதிகாலை இரண்டு பக்கமும் சமமாக்குங்கள். உயரத்துக்கு அளவு, சுவருக்கும் பாருக்கும் நடுவே உள்ள மூலையில் தெரியும் உள்ளங்குளம்பு. அதைவிடத் தாழ்த்தக் கூடாது. பிறகு காலை முன்னால் இழுத்து முக்காலியில் வைத்து, அரத்தைச் சுமார் 45 பாகையில் சாய்த்து, சுவரின் வெளியோரத்தைச் சுற்றிலும் வட்டமாக்குங்கள். நுனியில் சுவர் கனத்தின் பாதிக்கும் சற்று மேல், பக்கங்களில் குறைவாக, குதிகாலில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. கடைசியாக அரத்தின் நைஸ் பக்கத்தால் ஒரு தேய்ப்பு. விரலை ஓட்டிப் பார்த்தால் எங்கும் கூர் தட்டக் கூடாது.

நுனி எங்கே முடிய வேண்டும் என்பதைக் குளம்பே காட்டும். மயிர்க்கோட்டுக்குக் கீழே முதல் 2 சென்டிமீட்டர் புதிதாக முளைத்த சுவர். அதன் சரிவில் ஒரு நேரான குச்சியை வைத்துத் தரைவரை பாருங்கள். கீழ்ச்சுவர் குச்சியைத் தாண்டி முன்னால் விரிந்திருந்தால் அந்த அளவுக்கு நுனி நீண்டிருக்கிறது. ஒரே நாளில் அதைப் பிடிக்க முயல வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஓரத்திலிருந்து கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுங்கள்.

தினமும் நான் என்ன பார்க்கணும்? நேரம் அதிகம் இல்ல.

நாலு காலுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் போதும். கொக்கியைக் குதிகாலிலிருந்து நுனியை நோக்கி இழுத்து அழுக்கை எடுங்கள். திருப்பி இழுத்தால் ஃப்ராக் பள்ளத்தில் குத்திவிடும். எடுத்ததும் மோந்து பாருங்கள். ஆரோக்கியமான குளம்பில் மண்வாசனைதான் இருக்கும்.

பிறகு சுவரில் உள்ளங்கையை வைத்து நாலு குளம்பின் சூட்டையும் ஒப்பிடுங்கள். கணுவின் பின்பக்கம் இரு ஓரத்திலும் இரத்தக்குழாய் ஓடுகிறது, இரண்டு விரலை லேசாக வைத்து நாடி பாருங்கள். சும்மா நிற்கும் நல்ல குதிரையில் அது கிடைப்பதே கஷ்டம், தேடித்தான் பிடிக்க வேண்டும். விரலை வைத்ததுமே திண் திண்ணென்று எகிறினால் குளம்புக்குள் அழற்சி. ஒரு காலில் மட்டும் என்றால் சீழ்க்கட்டியாக இருக்கலாம், இரண்டு முன்னங்காலிலும் என்றால் லாமினைட்டிஸை, அதாவது சுவரை எலும்போடு பிணைக்கும் இழைகள் தளரும் நோயை, சந்தேகியுங்கள். குதிரை நன்றாக இருக்கும் நாட்களில் பார்த்துப் பழகியிருந்தால்தான் மாற்றம் கைக்குத் தெரியும்.

லாடம் எடுத்து ரெண்டு வாரம் ஆச்சு. கல்லுல கால் வைக்கத் தயங்குது. திரும்ப லாடம் அடிச்சிடலாமா?

முதலில் தயக்கத்தின் அளவைப் பாருங்கள். மெத்தென்ற தரையில் தாராளமாக நடந்து, சரளையில் மட்டும் அடியைக் குறைத்தால் அது மெலிந்த உள்ளங்குளம்பு. காலம் கொடுத்தால் கனக்கும். மெத்தென்ற தரையிலேயே தயங்கினால், படுத்தே கிடந்தால், நாடி எகிறினால் பொறுத்திருக்க வேண்டிய விஷயம் அல்ல, மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

முழு மாற்றத்துக்கு 9 மாதம் முதல் ஒரு வருடம் ஆகும், சுவர் முழுசாக மாற ஆகும் காலம் அதுதானே. அந்தக் காலத்தில் குதிரையை வலியோடு நடத்திப் "பழக்க" முயல்வது தவறு. வலித்தால் அது குதிகாலைக் காப்பாற்ற நுனியை முதலில் ஊன்றும். நமக்கு வேண்டியது குதிகால் முதலில் தொடும் நடை. அப்படி ஊன்றும்போதுதான் ஃப்ராக்கும் அதற்கு மேலே உள்ள மெத்தைத் திசுவும் அதிர்ச்சியை வாங்கி வலுப்படுகின்றன. வலியில்லாத தரையில் நிறைய நடை, கடினமான தரைக்குக் குளம்பு பூட்ஸ். இதுதான் வேகமான வழி.

பூட்ஸ் அளவைச் சீவிய ஒன்றிரண்டு நாளுக்குள் எடுங்கள். குளம்பின் அகலமான இடத்தில் குறுக்களவு, நுனியிலிருந்து குதிகால் தாங்கும் இடம்வரை நீளம், இரண்டும் மில்லிமீட்டரில். ஒவ்வொரு குளம்பையும் தனித்தனியாக அளக்க வேண்டும். சவாரி முடிந்ததும் கழற்றிக் காயவையுங்கள், குதிகால் உருண்டைகளில் உராய்வு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஃப்ராக் கறுப்பா ஒழுகுது, நாத்தம் தாங்கல.

அது திரஷ். காற்றில்லாத ஈர அழுக்கில் வாழும் கிருமிகளின் வேலை. அழுகிய முட்டையும் சாணமும் கலந்தது போன்ற நாற்றம், கொக்கியில் ஒட்டும் கறுப்புப் பிசுக்கு, இந்த இரண்டையும் பார்த்தால் சந்தேகமே வேண்டாம். ஃப்ராக்கின் நடுப்பள்ளத்தைக் கவனியுங்கள். அது பெருவிரல் பதியும் ஆழமற்ற குழியாக இருக்க வேண்டும். குதிகால் உருண்டைகளுக்கு நடுவே கோடு போட்டது போல ஆழமாகப் பிளந்திருந்தால் தொற்று உள்ளே போயிருக்கிறது, குதிகால் வலிப்பதால் நுனியூன்றி நடக்கவும் காரணம் இதுவே.

மெல்லிய துணி நாடாவைப் பள்ளத்தில் கோத்து இழுத்துச் சுத்தம் செய்து, உலர்த்தி, துத்தநாக ஆக்சைடு களிம்பைப் பஞ்சில் தடவி ஆழத்தில் வைத்து, தினமும் மாற்றுங்கள். பொசுக்கும் திராவகங்களை உயிருள்ள திசுவில் ஊற்றாதீர்கள். கிருமியோடு புதுத்திசுவையும் அவை கொல்லும், குதிரையும் அடுத்த நாள் கால் தூக்கித் தராது. லாயத்தில் நனைந்த படுக்கையை மாற்றாவிட்டால் எந்த மருந்தும் நிற்காது.

நேத்து நல்லா இருந்துச்சு, இன்னைக்கு ஒரு காலை ஊனவே மாட்டேங்குது!

திடீரென்று வரும் இப்படிப்பட்ட நொண்டலுக்கு அடிக்கடி காரணமாவது குளம்புக்குள் கட்டும் சீழ். ஆனால் எலும்பு முறிவும் இப்படித்தான் தெரியும் என்பதால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். அடியில் ஆணி குத்தியிருப்பதைக் கண்டால், மருத்துவர் சீக்கிரம் வர முடியுமானால் பிடுங்காமல் விடுங்கள். எந்தத் திசையில், எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை எக்ஸ்ரேயில் பார்க்க அது இருக்க வேண்டும். மேலும் ஏறாதபடி பக்கத்தில் கட்டை வைத்துக் கட்டுங்கள்.

சீழ் என்று உறுதியானால் அது வெளியேற வழிசெய்வதுதான் வைத்தியம். கைபொறுக்கும் சூட்டு நீரில் எப்சம் உப்புப் போட்டு 20 நிமிடம் ஊறவைப்பார்கள், பிறகு மருந்துப் பற்று வைத்துக் கட்டுவார்கள். இரண்டு மூன்று நாளுக்கு மேல் ஊறப்போட வேண்டாம், முழுக் குளம்பும் நொய்ந்துவிடும். டெட்டனஸ் தடுப்பூசி போட்ட தேதியைச் சரிபாருங்கள். சீழ் சில சமயம் மயிர்க்கோட்டில் உடைந்து வெளியேறும். அந்தக் கீறல் மாதக்கணக்கில் சுவரோடு கீழே இறங்கும், பயப்பட வேண்டாம்.

குளம்புக்கும் தீனிக்கும் என்ன சம்பந்தம்? பயோட்டின் கொடுத்தா போதாதா?

தீனியில் மாவுச்சத்தும் சர்க்கரையும் கூடினால் இன்சுலின் கோளாறுள்ள குதிரைகளில் சுவரையும் எலும்பையும் பிணைக்கும் லாமினா இழைகள் தளர்கின்றன. அதுதான் லாமினைட்டிஸ். பெரிதாக வெடிக்கும் முன்பே குளம்பில் தடயம் இருக்கும். சுவரில் படிந்த வளையங்களைப் பாருங்கள். நுனியில் நெருக்கமாகவும் குதிகாலில் இடைவெளி விட்டும் விரிந்தால் அந்தக் குதிரைக்கு ஏற்கெனவே வந்து போயிருக்கிறது. வெள்ளைக் கோடு இழுபட்டு அகலமாக இருப்பதும், அதில் பழைய இரத்தக்கறை தெரிவதும் அதே கதை.

லாமினைட்டிஸ் வரும் ஆபத்துள்ள குதிரைக்கு மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்து தீனியின் உலர் எடையில் 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும். 450 கிலோ குதிரைக்கு உலர்ந்த புல் நாளுக்கு 7 முதல் 9 கிலோ, அதாவது உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம். சர்க்கரையைக் குறைக்க, குளிர்ந்த நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். வெயிலடித்த பிற்பகல் புல்லிலும், கடுங்குளிர் இரவுக்கு மறுநாள் காலைப் புல்லிலும் சர்க்கரை ஏறியிருக்கும்.

பயோட்டின் என்ற பி வைட்டமினை நாளுக்கு 15 முதல் 20 மில்லிகிராம், ஆறு மாதத்துக்குக் குறையாமல் கொடுத்தால் பலன் தெரியலாம். ஆனால் செம்பும் துத்தநாகமும் குறைவாக இருக்கும்போது பயோட்டினை மட்டும் கொட்டிப் பயனில்லை. புல்லில் இரும்பு மிகுந்திருப்பது சாதாரணம், அது இந்த இரண்டையும் உடம்பு எடுத்துக்கொள்வதைக் கெடுக்கிறது. செம்புக்கு மூன்று நான்கு மடங்கு துத்தநாகம் என்ற விகிதத்தில் சேர்ப்பது வழக்கம்.

மசாஜ் எல்லாம் உண்மையிலேயே வேலை செய்யுமா? குளம்பு பக்கத்துல ஏன் அதைப் பத்திப் பேசுறீங்க?

முன்னங்கால் நுனி நீண்டால் குளம்பு தரையை விட்டுக் கிளம்பத் தாமதமாகிறது. அந்தத் தாமதத்தைக் கழுத்தடியிலிருந்து தோளுக்கு இறங்கும் தசை இழுத்து ஈடுகட்டுகிறது. தோளுக்கு முன்னால் கையை வைத்தால் அது கயிறு மாதிரி முறுகியிருப்பது தெரியும். சீவியதும் நுனி சரியாகிவிடும், ஆனால் தசை பழைய நடையையே நினைவில் வைத்திருக்கும். அதைத் தளர்த்தினால்தான் புது நடை வரும்.

மசாஜ் எலும்பை நகர்த்தாது, நோயைத் தீர்க்காது. இறுக்கத்தைத் தளர்த்தும், வலிக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். காய்ச்சல், வயிற்றுவலி, புதுக்காயம், தோல் தொற்று, வேலைக்குப் பின் தசை கட்டையாகிச் சிறுநீர் கறுத்துப் போகும் நிலை, இவற்றில் எதுவும் இருந்தால் கையை வைக்காமல் மருத்துவரை அழையுங்கள்.

கையை எங்க வைக்கிறது? எவ்வளவு அழுத்தறது?

முதலில் அழுத்தவே வேண்டாம். விரித்த உள்ளங்கையால் காதுக்குப் பின்னாலிருந்து வால்வரை, இரு பக்கமும், மெதுவாகத் தடவிக்கொண்டே போங்கள். சூடு, இறுக்கம், தோல் துடிப்பு, காது பின்வாங்குவது, இவற்றை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கவனிக்க வேண்டிய இடங்கள்: காதுக்குப் பின் உச்சி, தாடை, தோளுக்கு முன்னால் கழுத்தடி, தோள்பட்டைக்குப் பின்னால் சேணம் உட்காரும் இடம், இடுப்பு, தொடையின் பின்புறம்.

பழுத்த தக்காளியில் விரல் பதியாத அழுத்தத்தில் தொடங்குங்கள். ஓரிடத்தில் கையை வைத்து 20, 30 வினாடி காத்திருங்கள். குதிரை கண்ணை மெல்ல இமைக்கும், உதடு தொங்கும், நாக்கால் சப்பும், கொட்டாவி விடும், நீளமாக மூச்சு விடும். அதுதான் தளர்ந்ததற்கு அடையாளம். அது விலகிப்போனால் அழுத்தத்தைக் குறையுங்கள், கூட்டாதீர்கள். மொத்தம் அரை மணி நேரம், பின் 10 நிமிடம் கையில் பிடித்து நடை. முதுகு இறுகிய குதிரைக்கு வாரம் ஒருமுறை செய்யலாம்.

கேரட் காட்டிக் கழுத்தை வளைக்க வைக்கிறாங்களே, அது எதுக்கு?

முதுகெலும்பை ஒட்டியுள்ள சிறு தசைகளை அது வளர்க்கிறது. சேணத்தையும் ஆளையும் தாங்குவதற்கு அவைதான் தூண். மூன்று மாதம், வாரம் ஐந்து நாள், ஒவ்வொரு நிலையும் ஐந்து முறை செய்த குதிரைகளில் அந்தத் தசை பருத்தது அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. நெஞ்சுக்கு, முன்முழங்கால்களுக்கு நடுவே, கணுவுக்கு, பக்கவாட்டில் சேணவார் கட்டும் இடத்துக்கு, இடுப்புக்கு, பின்கணுவுக்கு எனக் கேரட்டைக் கொண்டுபோங்கள். ஆரம்பத்தில் 5 வினாடி நிறுத்தினால் போதும். வெடுக்கென்று கடித்துத் திரும்பினால் பலன் இல்லை. கேரட்டில் சர்க்கரை உண்டு. மேலே சொன்ன ஆபத்துள்ள குதிரைக்குக் கைப்பிடி உலர்புல்லே போதும்.

சீவறப்போ பின்னங்காலைத் தூக்கவே விடல. முரட்டுக் குதிரையா?

பெரும்பாலும் வலி. பின்னங்காலை உயரத் தூக்கினால் இடுப்பிலும் முழங்காலிலும் நோவு இருக்கும் குதிரை பிடுங்கிக்கொள்ளத்தான் செய்யும். நிற்கும் காலின் குளம்பில் வலி இருந்தாலும் அப்படித்தான். காலைத் தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் தூக்கி, உடம்புக்கு நேர் கீழே, வெளியே இழுக்காமல் பிடித்துப் பாருங்கள். அதை ஏற்றுக்கொண்டால் வேலையை அந்த உயரத்திலேயே, ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை காலை இறக்கிவிட்டு முடிக்கலாம். சீவுவதற்கு முன் தொடையின் பின்புறத்தையும் இடுப்பையும் பத்து நிமிடம் தளர்த்திவிட்டால் வித்தியாசம் கையிலேயே தெரியும்.

முன்குளம்பு ரெண்டும் ஒரே மாதிரி இல்ல, ஒண்ணு நிமிர்ந்து, ஒண்ணு தட்டையா. சமமாக்கிடலாமா?

ஜோடி சேர்க்க முயல வேண்டாம். மேயும்போது எப்போதும் ஒரே காலை முன்வைக்கும் பழக்கத்தால் இது பல குதிரைகளுக்கு இளமையிலேயே அமைகிறது. முன்வைத்த கால் தட்டையாகும், பின்வைத்த கால் நிமிரும். தட்டையான குளம்பில் நுனியை மட்டும் பின்தள்ளுங்கள், குதிகாலைத் தொடாதீர்கள். நிமிர்ந்த குளம்பில் குதிகாலை ஒவ்வொரு முறையும் மிகக் கொஞ்சமாக இறக்குங்கள். நடக்கவிட்டுப் பார்த்தால் குதிகால் தரையைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் அளவு மிஞ்சிவிட்டது. இடைவெளியை 3, 4 வாரமாகக் குறையுங்கள். நிமிர்ந்த கால் பக்கத் தோள் பெரும்பாலும் இறுகியிருக்கும், அங்கே கூடுதல் நேரம் கொடுங்கள். சேணம் ஒரு பக்கம் நகர்வதற்கும் இதுவே காரணமாகலாம்.

பின்குளம்பு முன்னால புடைச்சு, குதிகால் படுத்திருக்கு. முதுகும் வலிக்குது போல.

பக்கவாட்டில் நின்று, பின்குளம்பின் மயிர்க்கோட்டை முன்னோக்கி நீட்டி ஒரு கோடு கற்பனை செய்யுங்கள். அது முன்னங்காலின் முழங்காலுக்கோ அதற்குக் கீழோ போக வேண்டும். முழங்கைக்கோ வயிற்றுக்கோ ஏறினால், குளம்பெலும்பின் பின்பக்கம் முன்பக்கத்தைவிடத் தாழ்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட குதிரை பின்னங்காலை வயிற்றுக்கடியில் வைத்து நிற்கும், பிட்டத் தசை தொட்டாலே சுருங்கும். எவ்வளவு மசாஜ் செய்தாலும் ஒரு வாரத்தில் திரும்பிவரும் முதுகு இறுக்கத்துக்குப் பின்னால் இது இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

உறுதிப்படுத்தப் பக்கவாட்டு எக்ஸ்ரே வேண்டும். சீவும்போது வேலை முழுக்க நுனியில்தான். சில குதிரைகளுக்குக் கொஞ்ச காலம் ஆப்புத்தகடோ லாடமோ வைத்துப் பின்பக்கத்தை உயர்த்த வேண்டியிருக்கும். அதை மறுப்பது குதிரைக்குச் செய்யும் நன்மை அல்ல.

கடைசியா, எல்லாக் குதிரைக்கும் இது ஒத்துவருமா? போட்டிக் குதிரைக்கும்?

2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தடைதாண்டல் குழுப் போட்டியில் தங்கம் வென்ற ஸ்வீடன் அணியில் ஆல் இன், கிங் எட்வர்ட் என்ற இரண்டு குதிரைகள் லாடமில்லாமல் தாண்டின. ஆல் இன் தனிநபர் வெள்ளியும் வாங்கியது. ஆகவே லேசான வேலைக்கு மட்டும்தான் என்பது சரியல்ல.

அதே சமயம், குளம்பு வளர்வதைவிட வேகமாகத் தேயும் அளவுக்குக் கடினமான தரையில் தினமும் பல மணி நேரம் உழைக்கும் குதிரைக்குப் பூட்ஸோ லாடமோ தேவை. பழைய லாமினைட்டிஸில் எலும்பு இறங்கிய குதிரையும், நாள் முழுக்க ஈர லாயத்தில் நிற்கும் குதிரையும், தீனியை மாற்ற முடியாத இடத்தில் இருக்கும் குதிரையும் லாடத்தைக் கழற்றியதும் துன்பப்படும். அங்கே முதலில் படுக்கையையும் தீனியையும் மாற்றி, மூன்று நான்கு மாதம் புதுச்சுவர் இறுக்கமாக இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு லாடத்தைக் கழற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.